முகத்துவாரக்குப்பத்தில் நான் அறுத்த கயிறு

"ஒரு வீட்டுக்குக் கூரை மாற்ற எவ்வளவு ஆகும்?"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் இந்தக் கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லிவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வருகிறது. இத்தனை சதுர அடி, இத்தனை ரூபாய் என்று விரலால் தட்டி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போட்டோவில் உப்பு தெரியுமா? சுவர் உள்ளுக்குள் செத்துக் கிடப்பது தெரியுமா? போட்டோ எடுத்தவன் நல்ல பக்கமாய்த்தானே நின்று எடுத்திருப்பான்!

நான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை முப்பது வருடத்துக்கு மேல் கூரை வேலை எடுத்துச் செய்தவள். முட்டி தேய்ந்துபோய் இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கொருக்குப்பேட்டையில் போய் ஷீட்டுக்காரம்மா வீடு எது என்று கேட்டால் ரயில்வே கேட் கீப்பர் கூடக் கை காட்டுவார். என் வீட்டுக்காரர் ஷீட் போடுகிறவர், நான் அவருக்குச் சித்தாள். அவருக்கு இடுப்பு போன பிறகு ஏணியில் நான் ஏறினேன். "பொம்பள கூர மேல ஏர்னா வூட்டுக்கு ஆவாது" என்று எத்தனை பேர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள் தெரியுமா? அப்படிச் சொன்னவர்களில் மூன்று பேர் வீட்டுக்குப் பிற்பாடு நானே கூரை போட்டேன். மூன்றும் இன்றைக்கும் ஒழுகவில்லை. இதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

பெருமையைச் சொல்கிறவள் தப்பையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் சின்னத் தப்பு. கொருக்குப்பேட்டையில் ரயில் லைனை ஒட்டி ஒரு வீடு. அளந்தேன், பன்னிரண்டு அடி ஷீட் வாங்கிக்கொண்டு வண்டியில் போய் இறங்கினேன். சந்து முனையில் ஷீட் திரும்பவில்லை. இப்படிச் சாய்த்தோம், அப்படித் தூக்கினோம், ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடியையும் உடைத்தோம். கடைசியில் பாதியாக வெட்டித்தான் உள்ளே போனது. ஒரே ஷீட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, நடுவில் ஒரு இணைப்பு, இணைப்பு என்றால் ஒழுக ஒரு வழி. அதைச் சரிசெய்ய மூன்று முறை என் செலவில் போனேன். அன்றிலிருந்து கூரையை அளக்கும் முன்னால் சந்தின் அகலத்தை அளந்தேன். சந்தின் அகலமும் கூரையின் விலையில் சேர்த்திதான்.

இனிப் பெரிய தப்புக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால், மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்த வாரம், முகத்துவாரக்குப்பத்திலிருந்து கூப்பிட்டார்கள். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் குப்பம் அது. கடலோரத்தில் வீட்டு வேலை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், வலை தைப்பதும் சுவர் பூசுவதும் அப்போதுதான். கூப்பிட்டது தேசம்மா. மீன் விற்கிறவள், என் வயசுதான் இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகன் பாஸ்கர், காசிமேட்டு விசைப்படகில் போகிறவன்.

போனதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமே, நீதான் ஷீட்டுக்காரியா? ஆம்பள யாரும் வர்லியா?"

"ஆம்பள மேல ஏறுவான். ரேட்டு நான்தான் சொல்லுவேன்" என்றேன்.

"அப்ப சரி. ஆம்பளைங்க சொல்ற ரேட்டு ரெண்டு நாள்ல மாறிப் பூடுது."

நான் சிரித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே கூட்டிப் போய் மேலே கை காட்டினாள். பழைய சிமெண்ட் ஷீட் கூரை. ஒரு மூலையில் ஷீட் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது.

"போன மழைல இந்த ஷீட்டு ஒடஞ்சி உள்ள வுழுந்துச்சி. மருமவ ரேவதி அப்ப நெறமாசம். அவ பட்த்துகினு இருந்த எடத்துக்கு ரெண்டடி தள்ளி வுழுந்துச்சி. அன்னிக்கி எழுந்து அவங்க அம்மா வூட்டுக்குப் போனவதான், திருவொத்தியூருக்கு. கொழந்த பொறந்து மூணு மாசம் ஆவுது. பொட்டப் புள்ள. இந்தக் கூரைக்குக் கீழ புள்ளய இட்டாரமாட்டேன்னு ஒரே புடியா நிக்கிறா."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? அவ சொல்றது கரீட்டுதானே" என்றாள் தேசம்மா. "அந்தப் பொண்ணு இந்த வூட்டுக்குத் திரும்பி வரணும். அதுக்குத்தான் உன்னக் கூப்ட்டேன்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. நெஞ்சு இளகுவது நல்லதுதான், ஆனால் எஸ்டிமேட் எழுதும்போது இளகக் கூடாது. நான் அவசரப்பட்டேன். "இந்தத் தடைக்காலம் முடியறதுக்குள்ள புதுக் கூர போட்டுத் தர்றேன், பேத்தி வந்துருவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு டேப்பைப் பிடித்தேன். நீளம், அகலம், சாய்வு, இத்தனை ஷீட், இத்தனை இரும்புப் பைப். பழைய சிமெண்ட் ஷீட்டை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து இறக்க வேண்டும், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அதற்கு ஒரு நாள் கூலி அதிகம், அதையும் சேர்த்தேன். கடலோரத்தில் மெல்லிய ஷீட்டையும் சாதா பைப்பையும் உப்பு இரண்டே வருடத்தில் தின்றுவிடும் என்று கனமான ஷீட்டும் நாகப் பூச்சு போட்ட பைப்பும் எழுதினேன். முன்பக்கம் தேசம்மா உட்கார்ந்து மீன் ஆய, கூரையை வெளியே நீட்டி, ஒரு நீளமான சாய்ப்பு வேண்டும் என்றாள். அதையும் எழுதினேன். எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், ஒன்றைத் தவிர.

அந்தக் கூரை மேல் ஒரு பழைய மீன் வலை விரித்திருந்தது. வலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறுகள். கயிறுகளின் முனை கீழே மணல் மூட்டையிலும், பாதி புதைத்த பழைய நங்கூரத்திலும் கட்டியிருந்தது. எனக்குக் குப்பையாகத் தெரிந்தது. "இந்தக் கலீஜ எல்லாம் எடுத்துரலாம், வூடு அழகா இருக்கும்" என்றேன். வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்த பாஸ்கர் தலையைத் தூக்கிப் பார்த்தான். மறுபடி ஊசியை வலையில் கோத்தான். கூரைக்காரிக்குக் கூரையைப் பற்றி நாம் என்ன சொல்வது என்று நினைத்திருப்பான்.

எங்கள் பக்கம் வீட்டுக்குக் காற்று ஒரு பகையே இல்லை, தம்பிகளே. கொருக்குப்பேட்டையில் வீட்டுக்கு வீடு முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும், காற்று நுழைய இடம் ஏது? அங்கே கூட்ஸ் வண்டி போகிற அதிர்வில் போல்ட் கழன்று வரும், புகையில் ஷீட் கறுக்கும். இருபது வருடத்துக்கு மேல் பெரும்பாலும் அந்த மாதிரி வீடுகளையே பார்த்த கண்ணோடு நான் கடற்கரைக்குப் போயிருந்தேன். கூரை மேலிருந்து ஒழுகும் என்பது மட்டும் தெரிந்தவளுக்கு, அது கீழிருந்து பறக்கும் என்பது தோன்றவே இல்லை.

தேசம்மா முன்பணம் புரட்டுவதற்குள் தடைக்காலம் முடிய இரண்டு வாரம்தான் மீதி இருந்தது. வேலைக்கு ஏழுமலையையும் இன்னும் இரண்டு ஆட்களையும் கூட்டிப் போனேன். ஏழுமலை என்னோடு பதினைந்து வருடமாக இருந்தவன். ஓட்டின் மேல் பூனை மாதிரி நடப்பான். காலையில் கயிறுகளை அறுத்தோம். வலையைச் சுருட்டி ஓரமாகப் போட்டோம். மதியத்துக்குள் கடல் பக்கத்துப் பாதிக் கூரையைப் பிரித்துவிட்டோம். சாப்பிட்டு ஏழுமலை மட்டும் மறுபடி மேலே ஏறினான்.

அப்போதுதான் கடற்காற்று எழுந்தது. புயல் ஒன்றும் இல்லை, கோடையில் தினமும் மதியம் வருகிற காற்றுதான். பாதி திறந்த வீட்டுக்குள் அது நுழைந்தது, வெளியே போக வழி தேடியது. மீதிப் பாதி ஷீட்டுகள் தட் தட்டென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. பிறகு உத்திரமே ஆடியது. நான் சுவரில் கை வைத்தேன். சுவரின் மேல் வரிசைச் செங்கல் கையோடு வந்தது. இடையிலிருந்த சாந்து ரவை மாதிரி பொலபொலவென்று கொட்டியது. யாரோ அந்தக் காலத்தில் கடல் மணலைக் குழைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் எந்த ஆணியும் எந்த போல்ட்டும் நிற்கவில்லை. அத்தனை வருடமும் அந்தக் கூரையைப் பிடித்து வைத்திருந்தது சுவர் இல்லை, நான் அறுத்துப் போட்ட கயிறு!

கையிலிருந்த செங்கலைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

"யக்கா, ஆடுதுக்கா! குதிச்சிடட்டுமா?" என்று ஏழுமலை மேலிருந்து கத்தினான். கீழே உடைந்த செங்கலும் பிரித்த கட்டையும் கிடந்தன. குதித்தால் கால் போகும், எழுந்து நடந்தால் ஷீட் உடைந்து உள்ளே விழுவான்.

"குதிக்காத! நிக்காத! உத்திரக் கட்ட ஓடற எடமா பாத்து அப்படியே படு!" என்று கத்தினேன். "கையக் கால விரிச்சிப் படு நைனா, நான் சொல்றவரிக்கும் அசையாத!"

பதினைந்து வருடப் பழக்கம், ஏன் என்று கேட்காமல் படுத்துவிட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். பாஸ்கர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். யாரையோ பெயர் சொல்லி ஒரு சத்தம் போட்டான், ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். சுருட்டிப் போட்ட வலையைப் பிரித்து, கயிற்றின் ஒரு முனையில் கல்லைக் கட்டி, கூரைக்கு மேலே வீசி, அந்தப் பக்கம் பிடித்து இழுத்து, நங்கூரத்தில் ஒரு முடிச்சு. மறுபடி ஒன்று. படகைக் கரையில் கட்டுகிற அதே கை. நாலாவது கயிறு இறுகியதும் கூரை சத்தம் போடுவதை நிறுத்தியது. ஏழுமலை ஊர்ந்து ஏணிக்கு வந்தான், இறங்கினான், மணலில் குந்திக்கொண்டான்.

பாஸ்கர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னான்: "யக்கா, கயிறு இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போமே."

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது நான் எங்கே நிற்கிறேன் பாருங்கள். பாதி வீடு திறந்து கிடக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் தேசம்மா இடுப்பில் இருக்கிறது. அந்தச் சுவரில் புதுக் கூரை நிற்காது. மேலே இரண்டு வரிசைச் செங்கலை எடுத்துவிட்டு, நாலு பக்கமும் கம்பி கட்டி ஒரு காங்கிரீட் பெல்ட் ஓட்ட வேண்டும், அதில் பைப்பைப் பிடிக்கும் கம்பியைப் புதைக்க வேண்டும். அது என் எஸ்டிமேட்டில் இல்லை. அது காய ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும், தடைக்காலமோ முடியப் போகிறது.

ஏழுமலை என்னைத் தனியாகக் கூப்பிட்டான். லுங்கியில் ஒட்டிய மணலைக் கூட அவன் இன்னும் தட்டவில்லை. ஆனால் மூளை தொழில்காரன் மூளை.

"யக்கா, நீட்டு போல்ட்டா போட்டு முடுக்கிட்டுப் போய்க்கினே இருப்போம். மேல ஷீட்டு ஏறிட்டா உள்ள இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்? அவங்கதான் எப்டியும் கயிறு கட்டப் போறாங்களே."

ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. அவன் சொன்னதில் நியாயம் மாதிரி ஒன்று இருந்தது. அந்த வேலை மூன்றே நாளில் முடியும், என் பெயருக்கும் ஒன்றும் ஆகாது, காசும் போகாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ நிற்கவும் நிற்கும். ஆனால் அந்த மருமகள் வருவாள். இந்தக் கூரை புதுசு என்று நம்பி, கீழே பிள்ளையைப் படுக்கப் போடுவாள். பழைய கூரையைப் பார்த்து அவள் பயந்தாளே, அந்தப் பயம்தான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றி வைத்திருந்தது. நான் பளபளப்பாக ஒன்றைப் போட்டு அந்தப் பயத்தையும் எடுத்துவிடுவேன். 

தேசம்மாவிடம் போனேன். அக்கம்பக்கத்து ஜனம் எல்லாம் நிற்கிறது. "நான் தப்பாப் பாத்துட்டேன். சுவரு செத்துப் போச்சி. பெல்ட்டு போடாம ஷீட்டு ஏத்த மாட்டேன். செலவு ஏறும், நாளும் ஆவும்" என்றேன்.

அவ்வளவுதான்! வாயில் வந்ததெல்லாம் வந்தது.

"அடி கஸ்மாலம்! எழுதிக் குட்த்தியே, அது இன்னா மசாலா மடிச்ச பேப்பரா? நல்லா இருந்த கூரைய அறுத்துப் போட்டுட்டு இப்ப துட்டு ஏறும்ங்கிற! ஆம்பளைங்களாவது ரெண்டு நாள் தாங்குனானுங்க, நீ கூர பிரிச்ச ஒரு நாள்லயே மாத்திட்டியே! எம்மருமவ வருவான்னு சொன்னியேடி, அவளுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

   அவள் திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்துத் தண்ணீர் குடித்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எஸ்டிமேட்டையே வாங்கி, அதன் பின்பக்கத்தில் எழுதினேன்.

இதைக் கவனமாகக் கேளுங்கள், உங்களுக்கு வேண்டியது இதுதான். கண்ணுக்கு முன்னால் இருந்து நான் பார்க்காமல் விட்டது என் பொறுப்பு. கயிறும் வலையும் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஒரு செங்கலைத் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதனால் பெல்ட் போடும் கூலி முழுக்க என்னுடையது என்று எழுதினேன். சிமெண்ட்டும் கம்பியும் அவள் வீட்டுச் சுவருக்குள் போகிறது, முதலிலேயே சரியாகப் பார்த்திருந்தாலும் அவள் வாங்கித்தான் ஆக வேண்டும். அது அவளுடையது. அவளிடம் அதற்குக் காசு இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கே குறைக்கலாம் என்று பார்த்தேன். ஷீட்டின் கனத்தைக் குறைத்தால் சுலபமாகச் சரியாகிவிடும். கைவைக்க மாட்டேன் என்றேன். பைப்பிலும் வைக்க மாட்டேன். முன்பக்கத்துச் சாய்ப்பை எடுத்துவிடலாம், நீளமான சாய்ப்பு காற்றுக்குக் கைப்பிடி கொடுப்பது போலத்தான் என்றேன்.

"மழையில மீன எங்க குந்தி ஆய்வேன்?" என்று கேட்டாள்.

 "நனஞ்சிகினுதான் ஆயணும்" என்றேன்.

காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "எடுத்துடு. எம்பேத்தி நனையாம இருந்தா போதும்" என்றாள்.

மீதிக் கூரையையும் இறக்கி, மேல் செங்கலை எடுத்து, கம்பி கட்டி, மூன்றாம் நாள் காங்கிரீட் போட ஏழுமலை பக்கத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அப்படியே கொட்டச் சொன்னேன். உப்புத் தண்ணீரில் குழைத்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, பெல்ட் வெடித்துவிடும். அந்தச் சுவரைக் கொன்றதும் அதே உப்புதானே. எண்ணூரில் ஒரு கூரைக்கு என்ன செலவு என்று கேட்கிறவர்கள் நல்ல தண்ணீரை மறந்தே போகிறார்கள். அன்றைக்குக் குடிதண்ணீர் லாரி வருகிற நாள். தேசம்மா போய் வரிசையில் நின்ற பெண்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது, முதல் இருபது குடம் அவள் வீட்டுக்கு வந்தது. ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு. குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தண்ணீரில் ஒரு சொம்பு கூட வீணாகக் கூடாது என்று ஏழுமலையைப் போட்டுப் படுத்தியெடுத்தேன்.

பெல்ட் போடும்போது என் செலவில் இன்னொன்றும் செய்தேன். வெளிப்பக்கமாக எட்டு இடத்தில் கனமான கம்பி வளையங்களைப் புதைத்தேன். "இது இன்னாத்துக்கு?" என்று பாஸ்கர் கேட்டான். "உங்க கயித்துக்கு" என்றேன். பயல் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தான். எந்த இடத்தில் வளையம் வேண்டும், எந்தத் திசைக் காற்று எந்த மாதத்தில் என்று அவன் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது.

ஏழு நாள் தேசம்மா காலையும் மாலையும் ஏணியில் ஏறி, என்னைத் திட்டிக்கொண்டே அந்தப் பெல்ட்டுக்கு லாரித் தண்ணீர் ஊற்றினாள். தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடைசி போல்ட்டை முடுக்கினோம். அப்பேர்ப்பட்ட கூரை! எனக்கே சுற்றிச் சுற்றிப் பார்க்கத் தோன்றியது. ரேவதி அவள் அம்மாவோடு வந்து வெளியே நின்று பார்த்தாள். குழந்தையைக் கூட்டி வரவில்லை.

"புதுசுல எல்லாக் கூரையும் சோக்காத்தான் இருக்கும்" என்றாள். "ஒரு மழ போவட்டும், அத்த."

தேசம்மா முகம் விழுந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவளுக்கு அளக்கத் தெரிந்திருக்கிறது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் காற்றும் மழையும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு சோறு இறங்கவில்லை எனக்கு. மூன்றாம் நாள் காலை தேசம்மாவிடமிருந்து போன். "கெளம்பி வா" என்றாள், வைத்துவிட்டாள். என்ன ஏது என்று சொல்லவில்லை. பாதி வழி ஷேர் ஆட்டோ, பாதி வழி முட்டித் தண்ணீரில் நடை. குலசாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

தூரத்திலிருந்தே கூரை தெரிந்தது. இருந்தது! எட்டுக் கயிறும் எட்டு வளையத்தில் விறைத்து நின்றன. அப்படியும் நான் உள்ளே நுழையும்வரை மூச்சு விடவில்லை.

தரை முழுக்க அண்டா, குண்டான், பக்கெட். எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தன. "வருசா வருசம் வெக்கிற எடத்துல வெச்சேன். பயக்கம்" என்றாள் தேசம்மா. அந்தப் பாத்திரங்களுக்கு நடுவில், தலையெல்லாம் நனைந்து, இடுப்பில் குழந்தையோடு ரேவதி நின்றிருந்தாள். கொட்டுகிற மழையிலேயே ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். "மழ வுட்டப்பறம் வந்திருக்கலாமேம்மா" என்றேன்.

"மழையிலதான பாக்கணும்" என்றாள்.

ஒவ்வொரு மூலையாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனாள். பெல்ட்டைக் கையால் தடவினாள். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து அடுக்கி ஓரமாக வைத்தாள். கடைசியில் நடு வீட்டில் நின்று, மேலே ஓடும் பைப்பைக் காட்டி என்னைக் கேட்டாள்: "இதுல தூளி கட்டலாமா?"

எத்தனையோ கூரைக்கு எஸ்டிமேட் எழுதியவள் நான். மழை எவ்வளவு, காற்று எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். தூளியை எழுதியதே இல்லை. தாங்கும் என்று எனக்குத் தெரியும், வாயைத் திறந்து சொல்லவும் போனேன். அதே வாயால்தான் இந்த வீட்டில் ஒரு தடவை வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் சொல்லவில்லை. மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டேன், புடவையை இழுத்துச் செருகினேன், ஏறினேன். இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலை உதைத்துத் தள்ளினேன்.

எனக்கு உடம்பு கொஞ்சநஞ்சம் இல்லை, பார்க்கிறீர்களே. அந்த உடம்போடு, காலை மடக்கிக்கொண்டு, நடு வீட்டில் தொங்கினேன். வேண்டுமென்றே ஆடவும் ஆடினேன். வெளியே காற்று ஹோவென்று அடிக்கிறது. பைப் முனகக் கூட இல்லை. குழந்தை என்னைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரிக்கிறது. "அய்யய்யோ, எறங்குடி, கைய ஒடச்சிக்கப் போற!" என்று தேசம்மா கத்துகிறாள், சிரிக்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

கை வலிக்கிறவரை தொங்கிவிட்டுத்தான் இறங்கினேன்.

"இப்பக் கட்டும்மா" என்றேன்.

ரேவதி ஒரு பழைய புடவையை எடுத்துக்கொண்டு அதே ஸ்டூலில் ஏறினாள்.